கடலோர வீட்டுக்கு எந்த சிங்க்?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள எங்கள் பழைய வீட்டின் சமையலறையைப் புதுப்பிக்கிறோம். கடப்பைக் கல் மேடையை எடுத்துவிட்டுக் கிரானைட் போடப்போகிறோம். ஸ்டீல் சிங்க் வாங்கப் போனால், ஒரே அளவுள்ள இரண்டில் ஒன்றின் விலை மற்றதைப் போல் இரு மடங்காக இருக்கிறது. இரண்டுமே 304 தரம் என்று கடைக்காரர் காந்தம் வைத்துக் காட்டினார், இரண்டிலும் ஒட்டவில்லை. போர் தண்ணீர் உப்பாக இருக்கும், வாரத்தில் மூன்று நாள் மீன் சமைப்போம். மாமியார் ஆழமான ஒற்றைத் தொட்டி கேட்கிறார், கணவர் இரட்டைத் தொட்டி என்கிறார். எதை வாங்கலாம்? – ஒரு வாசகி.

பதில்: காந்தச் சோதனையை நம்பி வாங்காதீர்கள். 304 என்பது துருப்பிடிக்காத ஸ்டீலில் ஒரு தரம்; அதில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். நிக்கல் விலை அதிகம் என்பதால் அதைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யப்படும் 202 என்றொரு தரமும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. காந்தம் இதிலும் ஒட்டாது. போதாததற்கு, உண்மையான 304 தகட்டையே தொட்டியாக அழுத்தி இழுக்கும்போது வளைந்த மூலைகளில் காந்தம் லேசாகப் பிடிக்கும் என்பதால், நல்ல சரக்கைச் சந்தேகப்பட்டு ஒதுக்கிவிட்டு மட்டமானதை வாங்கி வருவதும் நடக்கும். மாங்கனீசு மிகுந்த தகட்டில் நிறம் மாறிக் காட்டும் சோதனைத் திரவம் ஒன்று உண்டு. ஸ்டீல் வியாபாரிகளிடம் கிடைக்கும். அது இல்லையென்றால் ஒரே வழி, பில்லில் ‘304’ என்று எழுதித் தரச் சொல்வதுதான். வாயால் தயங்காமல் 304 என்று சொல்பவர் எழுதித் தரத் தயங்கினால் அங்கே வாங்க வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதனோடு உள்ள உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் சரிபார்க்கலாம். வீட்டு உபயோக ஸ்டீல் சிங்குகளுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 13983.

கடலிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும் ஊர்க்காரர்கள் 202 வாங்கி ஓரளவு சமாளித்துவிடலாம். உங்களுக்கு அது சரிவராது. உப்பில் உள்ள குளோரைடு, ஸ்டீலின் மேலுள்ள மெல்லிய குரோமியப் படலத்தை ஊசி குத்தியதுபோல் அங்கங்கே துளைக்கும். உப்புத் தண்ணீர் தேங்கிக் காயும் இடங்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். 304 இதை நன்றாகவே தாங்கும் என்றாலும் அதற்கும் எல்லை உண்டு. ஆகவே இரவில் கடைசியாக ஒருமுறை துணியால் துடைத்து உலர விட்டுவிடுங்கள். மாலிப்டினம் கலந்த 316 இன்னும் உறுதியானது, ஆனால் வீட்டுச் சமையலறைக்கு அந்தச் செலவு அவசியமில்லை என்பது என் கருத்து.

இதைவிடப் பெரிய ஆபத்து கட்டட வேலையின்போதே வரும். டைல்ஸ் ஒட்டி முடித்ததும் சிமெண்டுக் கறையைப் போக்க ஆசிட் ஊற்றித் தேய்ப்பது நம் பக்கத்து வழக்கம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம்; அது தெறித்தாலும், மூடிய அறையில் அதன் ஆவி பட்டாலும் புது சிங்க் கறுத்துப் புள்ளி விழும். டைல்ஸ் வேலை, ஆசிட் கழுவல் எல்லாம் முடிந்த பிறகு சிங்கை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

தகட்டின் கனத்தைக் ‘கேஜ்’ கணக்கில் சொல்வார்கள். எண் குறையக் குறையக் கனம் கூடும். 18 கேஜ் என்பது சுமார் 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் என்பது சுமார் 0.9 மில்லிமீட்டர். மாவரைக்கும் கிரைண்டர் கல்லைத் தூக்கி வைத்துக் கழுவும் வீட்டில் 18 கேஜுக்குக் கீழான கனத்தில் வாங்க வேண்டாம். அடியில் ஒலியடக்கும் ரப்பர் பட்டை ஒட்டியிருக்கிறதா என்றும் திருப்பிப் பாருங்கள்.

இனி மாமியார் கட்சியா, கணவர் கட்சியா என்பது. நான் மாமியார் பக்கம். 45 அங்குல இரட்டைத் தொட்டி வாங்கினால், ஒவ்வொரு பாதியிலும் இட்லிக் குண்டானைச் சாய்த்துக் கழுவ இடம் போதாமல், ஒரு பாதி எப்போதும் எச்சில் தட்டுகளின் கிடங்காகிவிடும். வீட்டிலுள்ள மிகப் பெரிய பாத்திரத்தின் வாயை அளந்து, அதைவிட மூன்று நான்கு அங்குலம் அகன்ற ஒற்றைத் தொட்டியாக வாங்குங்கள். 24-க்கு 18 அங்குலம் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். மீன் கழுவும் தண்ணீர் பாத்திரத்தில் படக் கூடாது என்பதே உங்கள் கணவரின் கவலை என்றால், கொல்லைப்புறத்தில் மீனுக்கென ஒரு சிறு தொட்டி வைப்பது இரட்டைத் தொட்டியைவிட மேல்; செதிலும் சமையலறைக் குழாயை அடைக்காது.

ஆழத்தில் மட்டும் மாமியாரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கும். மேடை 32 அங்குல உயரம், தொட்டி 10 அங்குல ஆழம் என்றால், அவர் குனிந்து கழுவும் அடிப்பகுதி தரையிலிருந்து 22 அங்குலத்தில்தான் இருக்கும். இடுப்பு வலி நிச்சயம். 8 அல்லது 9 அங்குலம் போதும். பழைய வீடு என்பதால் இன்னொன்று: சுவருக்குள் போகும் கழிவுநீர்க் குழாயின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பிளம்பரை வைத்து அளக்காமல் ஆழமான தொட்டி வாங்கினால், தொட்டியின் அடியும் அதன் கீழ் வரும் வளைகுழாயும் அந்த வாய்க்குக் கீழே போய்விடும், தண்ணீர் வடியாமல் நிற்கும், பிறகு சுவரை உடைப்பதுதான் வழி. கிரானைட்டை வெட்டுவதற்கு முன்பே சிங்க் கையில் இருக்க வேண்டும். அட்டவணையில் உள்ள அளவை நம்பி வெட்டக் கூடாது.

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிக்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன் கடலூரில் ஒரு கடையில் வாங்கிய சிங்கில் துருப்புள்ளிகள் வந்துவிட்டன. ‘உங்கள் ஊர்த் தண்ணீர் அப்படி’ என்கிறார்கள். துண்டுச் சீட்டில் எஸ்டிமேட் மட்டும்தான் தந்தார்கள். என்ன செய்யலாம்? – ஒரு வாசகர்.

பதில்: முதலில் சமையல் சோடாவைக் குழைத்து மென்மையான துணியால் தேய்த்துப் பாருங்கள். கறை போய் அடியில் வழவழப்பாக இருந்தால், அது இரும்புத் தோசைக்கல்லோ கம்பி நாரோ விட்டுச்சென்ற துகளின் துரு. சிங்கின் மேல் குற்றமில்லை. குழி தெரிந்து, அதே இடத்தில் மறுபடி துரு வந்தால் தகட்டின் தரம்தான் சந்தேகத்துக்குரியது. தேதி தெரியும்படி படமெடுத்து, கடைக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். விற்றுவிட்டு பில் தராமலிருப்பதே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். பணம் செலுத்தியதற்கு வங்கிப் பதிவோ கைப்பேசிப் பதிவோ இருந்தால் அதுவும் சான்றாகும். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசியும் தீரவில்லை என்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். வாங்கியது கடலூரில் என்றாலும், நீங்கள் வசிக்கும் புதுச்சேரியிலேயே தாக்கல் செய்யச் சட்டம் இடம் தருகிறது. பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

கேள்வி: கறுப்பு நிற குவார்ட்ஸ் சிங்க் அழகாக இருக்கிறது. வாங்கலாமா? – நெல்லிக்குப்பம் வாசகி.

பதில்: குவார்ட்ஸ் தூளும் பிசினும் கலந்து வார்க்கப்படுவதால் துரு என்ற பேச்சே அதில் இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் கொதிக்க வைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளை உப்பு படிகிறது என்றால், அதே வெள்ளை அந்தக் கறுப்பின் மேல் தினமும் தெரியும். சாம்பல் நிறத்தில் கேட்டுப் பாருங்கள்.