அலுவலக நண்பர்கள் 40 பேருக்குப் புதுவீட்டு விருந்து: அளவும் ஏற்பாடும்

காலையில் கணபதி ஹோமம், அன்று இரவே இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் 40 பேருக்குப் பிரியாணி போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரே நாளில் வேண்டாம். பால் காய்ச்சிய அன்றே வீட்டில் அசைவம் என்றால் பெரியவர்கள் மனம் சங்கடப்படும். உங்களுக்கும் நிற்கத் தெம்பிருக்காது. அடுத்த சனிக்கிழமை மாலை வையுங்கள்.

ஒரு கிலோ அரிசிப் பிரியாணி 8 பேருக்குத் தாராளம். அசைவம் 28 பேர் என்றால் மூன்றரை கிலோ அரிசி, அதே எடை சிக்கன். சைவம் 12 பேருக்கு ஒன்றரை கிலோ. சைவத்தைத் தனிக் கரண்டியோடு வேறு மேசையில் வையுங்கள். ஒரே மேசையில் கரண்டி மாறிவிடும், அப்புறம் சைவக்காரர்கள் தொடவே மாட்டார்கள். தம் போட்ட தேக்சாவை ஆட்கள் வந்து சேர்ந்த பிறகே திறங்கள். முன்பே திறந்தால் ஆவி போய்ச் சோறு விறைத்துவிடும்.

தயிர்ப் பச்சடிக்கு 3 லிட்டர் தயிர், ஒன்றரை கிலோ வெங்காயம். பரிமாறும் நேரத்தில்தான் உப்பு; இல்லாவிட்டால் வெங்காயம் தண்ணீர் விட்டு நீர்த்துப்போகும்.

20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு போதும். வாசலில் 40 ஜோடி செருப்பு குவியும், எதிர்வீட்டில் முதல்நாளே சொல்லிவிடுங்கள். வண்டி நிறுத்தும் இடத்துக்குக் குடியிருப்புச் சங்கச் செயலாளரிடமும் காவலாளியிடமும் பேசி வையுங்கள்.