அடக்கிய கோபமும் மனச்சோர்வும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அண்ணனுடன் சேர்ந்து தொழில் செய்கிறேன். பலர் முன்னிலையில் அவர் என்னை மட்டம் தட்டும்போதெல்லாம், பெரியவராயிற்றே என்று வாய்மூடி இருந்துவிடுவேன். இப்போது கோபமே வருவதில்லை. மாதக்கணக்கில் காலையில் எழ மனமில்லை. எதற்கும் உதவாதவன் நான் என்ற எண்ணம் விடுவதில்லை. அடக்கிய கோபம்தான் மனச்சோர்வாகிறது, கத்தித் தீர்த்துவிடு என்கிறார் நண்பர். உண்மையா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

நண்பர் சொன்னதன் முதல் பாதியில் உண்மை இருக்கிறது. இரண்டாம் பாதியை ஏற்பதற்கில்லை.

துக்கத்தையும் மனச்சோர்வையும் ஒப்பிட்டு 1917இல் வெளியிட்ட கட்டுரையில், உளப்பகுப்பாய்வின் முன்னோடியான சிக்மண்ட் ஃபிராய்ட் நுட்பமான ஒன்றைக் கவனிக்கிறார்: மனச்சோர்வுற்றவர் தம்மீதே சுமத்திக்கொள்ளும் குற்றச்சாட்டுகளைப் பொறுமையாகக் கேட்டால், அவற்றில் பல அவருக்குப் பொருந்தாமல், அவர் நேசிக்கும் அல்லது நேசித்தாக வேண்டிய இன்னொருவருக்கே பொருந்துகின்றன. எல்லா மனச்சோர்வையும் இதைக்கொண்டு விளக்கிவிட முடியாது. பரம்பரை, இழப்பு, நாள்பட்ட நோய், தைராய்டு குறைபாடு எனக் காரணங்கள் பல. ஆனால் ‘எதற்கும் உதவாதவன்’ என்ற தீர்ப்பை முதலில் சொன்னவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். அண்ணனை நோக்கி எழ வேண்டிய கோபம், அவர் பக்கம் சேர்ந்துகொண்டு உங்களையே தாக்குகிறது என்றே நான் நினைக்கிறேன். கோபம் வருவதில்லை என்று நீங்கள் எழுதியதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது.

கத்தித் தீர்ப்பதைப் பொறுத்தவரை, உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைச் சீண்டியவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்தியவர்களுக்கு, சும்மா இருந்தவர்களைவிடக் கோபம் அதிகமாகவே இருந்தது. நடந்ததையே மனத்தில் அசைபோடுவது கோபத்தையும் வளர்க்கிறது, சோர்வையும் வளர்க்கிறது. எனவே கொட்டித் தீர்ப்பதைவிட, “மற்றவர் முன்னால் என்னை அப்படிப் பேசாதீர்கள், அண்ணா” என்று தனியே, நிதானமாக, ஒரு குறிப்பிட்ட நிகழ்வைச் சுட்டிச் சொல்வதே பயன் தரும். பெரியவர்மீது வைத்திருக்கும் மரியாதை இதனால் குறைந்துவிடாது.

அதற்கும் முன்பு மனநல மருத்துவரைப் பாருங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இத்தகைய சோர்வுக்குச் சிகிச்சை தேவை. வாழ வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றே செல்லுங்கள். மருத்துவரிடம் பலரும் தூக்கமின்மையையும் களைப்பையும் மட்டுமே சொல்லித் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அண்ணனைப் பற்றியும் சொல்லுங்கள்.