நவம்பரில் ஐரோப்பா: இருட்டுவதற்குள் சில பதில்கள்

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடியும் வரை ஐரோப்பாவில் எங்கே போகலாம் என்று கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். குவிந்துவிட்டன. பல ஆண்டுகளாக நான் இந்தப் பருவத்தில்தான் போய்வருகிறேன். விமானக் கட்டணம் இறங்கியிருக்கும், வரிசைகள் குட்டையாக இருக்கும், எனக்குக் கூட்டம் ஆகாது. விசா விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை இல்லை. மற்றபடி எதையும் கேளுங்கள்.

சேலத்திலிருந்து: நவம்பர் கடைசி வாரத்தில் நானும் மனைவியும் பத்து நாள் போகிறோம். இருவருக்கும் குளிர் ஆகாது. பிராக், ரோம், லிஸ்பன் மூன்றில் எது நல்லது?

பதில்: எல்லோரும் குளிரைப் பற்றியே கேட்கிறீர்கள். குளிருக்குக் கம்பளி இருக்கிறது. இருட்டுக்கு எதைப் போர்த்திக்கொள்வீர்கள்?

என் முதல் நவம்பர் பயணம் பிராக் நகரத்துக்குத்தான். மதியச் சாப்பாட்டை நிதானமாக முடித்துவிட்டுச் சார்லஸ் பாலத்துக்கு வந்தால், பாதிப் பாலம் கடப்பதற்குள் விளக்கு ஏற்றிவிட்டார்கள். மணி நாலேகால். ஐந்து மணிக்கு அறைக்குத் திரும்பி, பத்து மணி வரை சீட்டு ஆடினோம். “இதற்குக் கொடைக்கானலே போதுமே” என்று மனைவி சொன்னது இன்றுவரை எங்கள் வீட்டில் பழமொழி. அன்றிலிருந்து ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது சூரியன் மறையும் நேரம். அதற்குப் பிறகுதான் வெப்பநிலை.

நவம்பர் 25-ஐ ஒட்டிக் கணக்குப் பாருங்கள். ஸ்டாக்ஹோமில் பிற்பகல் மூன்று மணிக்கே முடிந்தது. பிராக் 4.07, ரோம் 4.40, பாரிஸ் 5.00, லிஸ்பன் 5.17. செவில் நகரத்தில் 6.05. அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். அதனால் அக்டோபரில் போய்வந்த நண்பர் சொல்லும் நேரங்களை நம்பாதீர்கள்.

நீங்கள் சொன்ன மூன்றுக்குள் என்றால் லிஸ்பன். என்னைக் கேட்டால் தெற்கு ஸ்பெயின். மாட்ரிட்டில் இறங்கினால் அதிவேக ரயிலில் செவில் இரண்டரை மணி நேரம். செவிலில் நான்கு இரவு, கோர்டோபாவில் இரண்டு, கிரனாடாவில் மூன்று. செவிலில் பகல் வெயில் 18, 20 டிகிரியை ஒட்டி இருக்கும், ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கலாம். கிரனாடா மட்டும் மலையடிவாரம், இரவில் நடுங்கும். அங்கே இருக்கும் அல்ஹம்பிரா கோட்டையின் நஸ்ரித் அரண்மனைகளுக்குள் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்குத்தான் விடுவார்கள். அந்த டிக்கெட்டை விமான டிக்கெட் வாங்கிய கையோடு வாங்கிவிடுங்கள்.

செவில் தெருக்களில் மரம் மரமாக ஆரஞ்சு தொங்கும். பறித்துத் தின்றுவிடாதீர்கள். நாரத்தங்காய் அதற்கு உறவு.

சென்னையிலிருந்து: நவம்பரில் சுவிட்சர்லாந்து எப்படி? பனி பார்க்க வேண்டும்.

பதில்: நம் மொழியில் எல்லாமே ‘பனி’யாக இருப்பதுதான் சிக்கல். நீங்கள் கேட்பது உறைபனி, சூரிக்கிலும் பெர்னிலும் நவம்பரில் கிடைப்பது பெரும்பாலும் மூடுபனி. சமவெளி முழுவதும் சாம்பல் போர்வைக்குள் நாள்கணக்கில் கிடக்கும். மேலே ஏறினால் வெயில் அடிக்கலாம், ஆனால் ஏற்றிவிடும் கம்பி ரயில்களும் தொங்கு ஊர்திகளும் பல, கோடைக்கும் பனிச்சறுக்குக்கும் இடைப்பட்ட இந்த வாரங்களில்தான் பராமரிப்புக்காக நிற்கும். மலை கிராமங்களில் ஓட்டல்களும் மூடியிருக்கும். 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் யுங்ஃப்ராயோக் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும், அங்கே உறைபனிக்குப் பஞ்சமே இல்லை. அந்த ஒரு நாளுக்காக ஒரு வாரத்துக்கு சுவிஸ் விலை கொடுப்பதா என்பது உங்கள் பாடு. நான் கொடுக்க மாட்டேன்.

மதுரையிலிருந்து: பத்து நாளில் ஐந்து நாடுகள் பார்க்க வேண்டும். வழி சொல்லுங்கள்.

பதில்: ரயில் நிலையங்களைப் பார்க்கலாம், ஐந்தும் அழகானவை. நாடு பார்க்க வேண்டுமென்றால் இரண்டு.

யாழ்ப்பாணத்திலிருந்து: அக்டோபர் 30 அன்று பாரிஸில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறேன். மூன்று வாரம். அவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: கொடுத்துவைத்தவர் நீங்கள், அம்மா. வீடு இருக்கிறவருக்கு நவம்பர் பாரிஸ் நல்ல ஊர். லூவர் செவ்வாய்க்கிழமை விடுமுறை, ஓர்சே திங்கட்கிழமை விடுமுறை. இதை மாற்றி நினைத்துக்கொண்டு போய்ப் பூட்டிய கதவைப் பார்த்தவன் நான். மழை நாளை அருங்காட்சியகத்துக்கு வைத்துக்கொண்டு, வெயில் தலைகாட்டும் நாளில் லக்சம்பர்க் தோட்டத்தில் உட்காருங்கள்.

ஒரு எச்சரிக்கை. நவம்பர் 1 சகல புனிதர் திருநாள், பொது விடுமுறை. முந்தைய நாள்களில் பூக்கடை வாசலெங்கும் தொட்டி தொட்டியாகச் சாமந்தி அடுக்கியிருப்பார்கள். நமக்கு அது மாலைப்பூ, மங்கலப்பூ. அங்கே அந்த வாரத்தில் அது கல்லறைக்கு வைக்கும் பூ. தங்கையின் பிரெஞ்சு அயலவர் விருந்துக்கு அழைத்தால் அந்தத் தொட்டியோடு போய் நிற்காதீர்கள்.

திருச்சியிலிருந்து: ஐயா, செவிலில் ஆறு மணிக்குச் சூரியன் மறைகிறது என்பது கடிகார மோசடி. இத்தாலியின் பலேர்மோவும் ஏறக்குறைய அதே அட்சரேகையில்தான் இருக்கிறது. பகலின் நீளம் இரண்டுக்கும் ஒன்றுதான். செவிலில் காலை எட்டேகால் வரை சூரியனே வராது. அதை ஏன் மறைத்தீர்கள்?

பதில்: மறைக்கவில்லை, சொல்லத் தோன்றவில்லை. கணக்கு சரிதான். நவம்பர் கடைசியில் இரண்டு ஊரிலும் பகல் பத்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பலேர்மோவில் ஏழுக்கு உதித்து நாலே முக்காலை ஒட்டி மறைகிறது, செவிலில் எட்டேகாலுக்கு உதித்து ஆறுக்கு மேல் மறைகிறது. செவில் லண்டனுக்கும் மேற்கே இருக்கும் ஊர், நியாயமாக அது லண்டன் நேரத்தில் இருக்க வேண்டும். 1940 மார்ச்சில் ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி பெர்லின் நேரத்தோடு சேர்த்தது. போர் முடிந்தும் பழைய நேரத்துக்குத் திரும்பவில்லை. ஆகவே மோசடிதான். ஆனால் பயணிக்கு லாபமான மோசடி. அருங்காட்சியகக் கதவு ஒன்பது, பத்து மணிக்குத்தான் திறக்கிறது. அதற்கு முன்னால் அடிக்கும் வெயில் பூட்டின் மேல் விழுந்து என்ன பயன்?

பெங்களூருவிலிருந்து: தேனிலவு. நவம்பர் நடுவில் சாண்டோரினி?

பதில்: பாதி ஓட்டல் மூடியிருக்கும், படகுகளும் குறைந்திருக்கும். தனிமைதான் வேண்டும் என்றால் வாழ்த்துகள். தீவுதான் வேண்டும் என்றால் கிரீஸின் கிரேட் தீவில் ஹானியா நகரம். அங்கே ஆண்டு முழுவதும் மக்கள் வாழ்கிறார்கள்.

கோவையிலிருந்து: இலை நிறம் மாறுவதைப் படமெடுக்க வேண்டும். நவம்பர் முதல் வாரம்தான் விடுப்பு.

பதில்: இப்படிக் கேளுங்கள்! ஜெர்மனியிலும் செக் நாட்டிலும் அக்டோபர் நடுவே உச்சம். நீங்கள் போகும்போது பல இடங்களில் கிளையும் சேறும்தான் மிஞ்சும். போர்ச்சுகலின் டோரூ பள்ளத்தாக்குக்குப் போங்கள். அங்கே நிறம் மாறுவது காடு அல்ல, திராட்சைத் தோட்டம். மலைச்சரிவை வெட்டிப் படிப்படியாகக் கல்சுவர் எழுப்பி வைத்த கொடிகள், அக்டோபர் இறுதியில் மஞ்சளும் செம்பும் கருஞ்சிவப்புமாக வரி வரியாக மாறும். திராட்சை வகைக்கு வகை நிறம் வேறு.

போர்ட்டோவிலிருந்து பின்யாவுக்கு ரயில் இருக்கிறது, சுமார் இரண்டரை மணி நேரம். போகும்போது வலப்பக்க ஜன்னல். இதை மறந்தீர்களானால் பாறையைப் பார்த்துக்கொண்டு போவீர்கள். முதல் ஒரு மணி நேரம் ஆறே தெரியாது, ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றும். பிறகு ஒரு திருப்பத்தில் தண்டவாளத்தை ஒட்டியே ஆறு வந்து சேர்ந்துகொள்ளும், பின்யா வரை கூடவே வரும். அந்த நிலையத்தின் சுவரில் அறுவடைக் காட்சிகளை நீல ஓடுகளில் பதித்திருக்கிறார்கள். போர்ட்டோவில் மழை நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடை வேண்டாம், மழைச்சட்டை. அங்கே பாலத்தின் மேல் அடிக்கும் காற்றில் என் குடை தாமரைப்பூ மாதிரி விரிந்தது. போட வந்த குப்பைத்தொட்டியில் ஏற்கெனவே நாலு தாமரை இருந்தது.

வேலூரிலிருந்து: சுவிட்சர்லாந்து நவம்பரில் போகலாமா?

பதில்: மேலே.

திருச்சியிலிருந்து மீண்டும்: நான் நாலரைக்கு எழுகிறவன். ஓய்வுபெற்றும் பழக்கம் போகவில்லை. எட்டேகால் வரை ஓட்டல் அறையில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கவா? எனக்கு அருங்காட்சியகம் வேண்டாம், சந்தை போதும். சந்தை பத்து மணிக்கா திறக்கிறது?

ஈரோட்டிலிருந்து: திருச்சிக்காரர் சொல்வதே சரி.

ஸ்டாக்ஹோமிலிருந்து: இங்கே பன்னிரண்டு ஆண்டாக இருக்கிறேன். மூன்று மணிக்கு இருட்டுவதை ஏதோ நோய் மாதிரி எழுதுகிறீர்கள். ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு, காபிக் கடை மேசைக்கு மேசை மெழுகுவர்த்தி. அந்த அழகு செவிலில் ஏது?

பதில்: ஸ்டாக்ஹோம்காரருக்கு முதலில். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஜன்னல்களுக்கு உள்ளே இருப்பவர் நீங்கள், வெளியே நின்று பார்ப்பவர்கள் நாங்கள். திருச்சி ஐயாவுக்கு: யோசிக்கிறேன்.

சென்னையிலிருந்து: அக்டோபர் கடைசியில் வலென்சியா கடற்கரை. மழை இருக்குமா?

பதில்: ஐப்பசியில் அடைமழை என்பது நமக்கு மட்டும் எழுதி வைத்தது அல்ல. கோடை முழுவதும் சூடேறிய மத்தியதரைக்கடலின் மேல் வடக்கிலிருந்து குளிர்க்காற்றுத் துண்டு ஒன்று உயரே வந்து நின்றுவிட்டால், ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிடும். இதற்கு ஸ்பானியர்களின் பழைய பெயர் ‘குளிர்த்துளி’. 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியா மாகாணத்தில் 220 பேருக்கு மேல் இறந்தார்கள். அலைபேசி எச்சரிக்கை இரவு எட்டுக்குப் பிறகே வந்தது, அதற்குள் பல ஊர்கள் மூழ்கிவிட்டன. கார் எடுக்கப் போய் நிலத்தடி நிறுத்துமிடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. 2015 டிசம்பரைப் பார்த்த சென்னைக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போகலாம், பெரும்பாலான நாள்கள் இதமாகவே இருக்கும். வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விட்டால் அன்று அறையை விட்டு நகராதீர்கள். காய்ந்து கிடக்கும் ஆற்றுப்படுகைப் பக்கமே போகாதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து: நவம்பரில் வெனிஸ் மூழ்கும் என்கிறார்கள். தடுப்பணை கட்டியாயிற்று என்றும் சொல்கிறார்கள். எது உண்மை?

பதில்: இரண்டும். 1966 நவம்பர் 4 அன்று தண்ணீர் 194 சென்டிமீட்டர் ஏறியது, அதுதான் உச்சம். அடுத்தது 2019 நவம்பர் 12, 187. கடல்வாய்கள் மூன்றிலும் தரையில் படுத்துக் கிடந்து தேவைப்படும்போது எழும் 78 கதவுகள், 2020 அக்டோபர் 3 அன்று முதன்முறையாக வெள்ளத்தைத் தடுத்தன. ஆனால் பொதுவாக 110 சென்டிமீட்டரை எட்டும் என்று கணித்தால்தான் எழுப்புவார்கள். மார்க் சதுக்கமோ ஊரிலேயே பள்ளம், 90-க்கே கணுக்கால் நனையும். ஓட்டலில் ரப்பர் காலணி கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிந்தால் நவம்பர் 21 அன்று அங்கே இருங்கள். 1630-ல் தொடங்கிய கொள்ளைநோய் ஓய்ந்ததற்கு நேர்ந்துகொண்டு கட்டிய சலூத்தே தேவாலயத்தின் திருநாள். பெருங்கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போட, ஊரே மெழுகுவர்த்தியோடு நடந்து போகும். வெனிஸில் வெனிஸ்காரர்களைப் பார்ப்பது அரிது. அன்று பார்க்கலாம்.

நாகர்கோவிலிலிருந்து: ஷெங்கன் விசாவில் லண்டனும் பாரிஸும் பார்க்கலாமா?

பதில்: பாரிஸ் மட்டும். லண்டனுக்கு வேறு விசா.

தஞ்சாவூரிலிருந்து: சைவம். ஸ்பெயினில் பட்டினியா?

பதில்: ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் சூரை மீன் வரும். மீனும் பன்றித்தொடையும் வேண்டாம் என்று பெயர் சொல்லி மறுக்க வேண்டும். செவிலில் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் சீரகம் போட்டு வேகவைத்த பண்டம் ஒன்று உண்டு, சின்னத் தட்டில் தருவார்கள். முதல் வாயிலேயே கூட்டு என்று கண்டுபிடித்துவிடுவீர்கள். நான் ஒரு வாரம் அதிலேயே ஓட்டியிருக்கிறேன்.

ஓசூரிலிருந்து: பனி எங்கே பார்க்கலாம்? சுவிட்சர்லாந்து சரியாக இருக்குமா? துருவ ஒளியும் பார்க்க ஆசை.

பதில்: சுவிட்சர்லாந்துக்கு மேலே போங்கள். பதிலுக்குச் சொன்னேன். துருவ ஒளிக்கு இருட்டு பகை இல்லை, மேகம்தான் பகை. நார்வேயின் கடலோர ட்ரோம்சோவில் மேகம் அதிகம், மலைக்கு மறைவில் இருக்கும் சுவீடனின் அபிஸ்கோ தெளிவானது. அக்டோபர் தொடக்கத்திலேயே போனால் பகலில் வெளிச்சமும் இருக்கும். நவம்பர் கடைசியில் ட்ரோம்சோவில் சூரியன் மறைந்தால் ஜனவரியில்தான் தலைகாட்டும். இருட்டைப் பற்றி நான் இனி ஒன்றும் சொல்வதாக இல்லை.

திருச்சியிலிருந்து: யோசித்தீர்களா?

பதில்: யோசித்தேன். உங்களுக்குப் பலேர்மோதான். பல்லாரோ சந்தைக்கு விடியும்போதே போய்விடுங்கள். காந்தி மார்க்கெட்டில் பழகிய காதுக்கு அந்தக் கூவல் அந்நியமாகப் படாது. ராகம் போட்டு இழுத்து இழுத்துக் கூவுவார்கள். வாள்மீனின் தலையை வெட்டி, வாள் வானத்தைப் பார்க்க ஐஸின் மேல் நட்டு வைத்திருப்பார்கள். சிவப்புத் துணிப்பந்தல் வழியாக வெயில் இறங்கி மீன், கத்தரிக்காய், விற்பவர் முகம் எல்லாவற்றையும் சிவப்பாக்கும். நான் அங்கே போனதே பதினொரு மணிக்கு. பாதிப் பேர் அப்போதே கடையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

திருச்சியிலிருந்து: நன்றி. நாலரைக்கு எழுந்தால் காபி எத்தனை மணிக்குக் கிடைக்கும்?

பதில்: ஆறு, ஆறரைக்கு ஏதாவது ஒரு கடை திறந்திருக்கும். நின்றுகொண்டே குடியுங்கள், உட்கார்ந்தால் விலை கூடும். இரண்டு மடக்குதான் இருக்கும். இன்னொன்று கேளுங்கள்.