கொலுவும் கட்-அவுட்டும்

அன்புள்ள அண்ணா,

போன மாதம் நண்பர் ஒருவரிடம் பழைய விஆர் ஹெட்செட் வாங்கினேன், கண்ணை மறைத்து முகத்தில் கட்டிக்கொண்டால் கேமுக்குள்ளேயே நிற்கிற மாதிரி காட்டுமே, அதுதான். அதற்கென்றே வந்த கேம்களை நாலே நாளில் ஆடித் தீர்த்தாயிற்று. கம்ப்யூட்டரில் பத்து வருடமாகச் சேர்த்த சாதாரண கேம்கள் கிடக்கின்றனவே, அவற்றையும் விஆரில் ஆடவைக்கும் என்று ஒரு மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கினேன். முதல் ஐந்து நிமிடம் வாய் பிளந்து பார்த்தேன். இருபதாவது நிமிடம் வாந்தி. சில கேம்களில் ஆட்களின் ஓரத்தில் ஏதோ கானல் மாதிரி நெளிகிறது. ஏமாந்துவிட்டேனா, இல்லை என் தலையில்தான் கோளாறா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் தலை சரியாகத்தான் இருக்கிறது. மென்பொருளும் அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். மேசை மேலிருக்கும் மானிட்டருக்காகச் செய்த கேமை முகத்தில் கட்டிக்கொண்டிருக்கிறோம், கோளாறு அங்கே ஆரம்பிக்கிறது.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். நூல் ஊசிக்கு முன்னாலோ பின்னாலோ போய்க்கொண்டே இருக்கும். இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள ஆறு சென்டிமீட்டர் சொச்ச இடைவெளிதான் நமக்குத் தூரத்தை உணர்த்துகிறது. சாதாரண கேமுக்குள் இருப்பதோ ஒற்றைக் கேமரா, அதாவது ஒற்றைக் கண். இந்த மென்பொருள்கள் கேமுக்கும், கம்ப்யூட்டரில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டுக்கும் நடுவே புகுந்து உட்கார்ந்துகொள்கின்றன. ‘இதை வரை’ என்று கேம் அனுப்பும் கட்டளையை வழிமறித்து, கேமராவைச் சற்றே நகர்த்தி, அதே காட்சியை இன்னொரு முறையும் வரையச் சொல்கின்றன. 2013-இல் வந்த வோர்ப்எக்ஸ் என்ற மென்பொருளில் இதற்கு ஜியோமெட்ரி 3டி என்று பெயர். இதில் கிடைக்கும் ஆழம் நிஜமானது. ஆனால் வேலை இரட்டிப்பு. ஹெட்செட் விநாடிக்கு 90 படம் கேட்டால், ஒரு படத்துக்குக் கிடைப்பது 11 மில்லி விநாடி. அதற்குள் இரண்டு கண்ணுக்கும் வரைந்து முடிக்க வேண்டும். நடுத்தர கார்டு திணறிவிடும்.

அப்போது கைகொடுப்பது இசட் 3டி என்ற குறுக்குவழி. காட்சியை ஒரே முறை வரைந்து, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேம் குறித்து வைத்திருப்பதைப் பார்த்து, புள்ளிகளை இடமும் வலமுமாகத் தள்ளிவிடுவார்கள். ஒருவனின் தோளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் சுவரை அந்த ஒற்றைக் கேமரா பார்த்ததே இல்லை. இன்னொரு கண் அங்கே எட்டிப் பார்த்தால் காட்ட ஒன்றும் கிடையாது. பக்கத்து நிறத்தை இழுத்துப் பூசி ஒட்டுப்போடுகிறார்கள். நீங்கள் பார்த்த கானல் அந்த ஒட்டுதான்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, எனக்குப் பிடித்தது. 2024 ஜனவரியில் பிரேடாக் என்ற புனைபெயர்க்காரர் இலவசமாக வெளியிட்ட யுஇவிஆர். பல கேம்களைக் கட்ட உதவும் அடிப்படை மென்பொருளான அன்ரியல் இன்ஜினின் 4, 5 இரண்டு பதிப்புகளிலும் விஆருக்கான வழி உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. கேம் செய்தவர்களில் பெரும்பாலோர் அதைத் தொடாமல் பூட்டி வைத்துவிட்டார்கள். இந்த மென்பொருள் உள்ளே போய் அந்தப் பூட்டைத் திறக்கிறது. அன்ரியல் கேம் எதுவானாலும் முதலில் இதைப் போட்டுப் பார்ப்பேன். இதிலும் இரண்டு கண்ணும் எப்போதும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. மழை பெய்த தெரு ஒன்றில் நின்றபோது வலக்கண்ணில் தரை பளபளத்தது, இடக்கண்ணில் காய்ந்து கிடந்தது. பிரதிபலிப்பு, நிழல் போன்றவற்றை அணைத்ததும் சரியாயிற்று. அணைத்தபின் தெரு கொஞ்சம் அழுமூஞ்சியாக இருந்தது, பரவாயில்லை.

இனி வாந்தி. மலைப்பாதையில் பஸ்ஸில் உட்கார்ந்து வாரப்பத்திரிகை படித்ததுண்டா? உடம்பு வளைந்து வளைந்து போகிறது, கண் மட்டும் எழுத்தில் அசையாமல் நிற்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் கண்ணும் வெவ்வேறு சாட்சி சொல்ல, வயிறு தீர்ப்பு எழுதிவிடுகிறது. விஆரில் இதுவே தலைகீழ். கண் ஓடுகிறது, உடம்பு நாற்காலியில். மானிட்டருக்கான கேம்களில் இதைவிடக் கொடுமை, கதைக்காட்சி வரும்போது கேமரா உங்கள் தலையைப் பிடுங்கிக்கொண்டு தன்னிஷ்டத்துக்குப் பறக்கும். அந்நேரம் காட்சியைத் தட்டைத் திரையாக மாற்ற ஒரு பட்டன் வைத்துக்கொள்ளுங்கள், இருட்டுத் தியேட்டரில் உட்கார்ந்த மாதிரி பார்க்கலாம். நெற்றி வியர்த்ததுமே கழற்றிவிடுங்கள். ‘பழகிவிடும்’ என்று பல்லைக் கடித்து ஆடிவிட்டு, மறுநாள் ஹெட்செட்டைப் பார்த்தாலே குமட்டிய அனுபவம் எனக்கு உண்டு.

எந்த கேமை ஆடலாம்? ஓட்டுநர் இருக்கையில் உட்காரும் கேம்கள் முதலில். கார், விமானம். கண்ணெதிரே அசையாத டாஷ்போர்டு இருப்பதால் வயிறு கொஞ்சம் அடங்கும், நிஜத்திலும் உட்கார்ந்துதானே இருக்கிறோம். அடுத்து, மேலிருந்து பார்த்து நகரமோ படையோ நடத்தும் கேம்கள். இவற்றை யாரும் விஆருக்கு யோசிப்பதில்லை. உலகின் அளவைக் குறைக்கும் அமைப்பு இருக்கும், அதைக் குறைத்துவிட்டுக் குனிந்து பாருங்கள். கொலுப்படியில் செட்டியார் கடை விரித்த மாதிரி, விரல் நீள மனிதர்கள் கூடையும் குடமுமாக நடமாடுவார்கள். நான் அரைமணி நேரம் ஒன்றும் ஆடாமல் வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

துப்பாக்கி கேம்களில் கண்ணுக்கு ஆழம் கிடைத்தாலும் கைக்கு ஒன்றும் கிடைக்காது. துப்பாக்கி மூக்குக்குக் கீழே ஒட்டிக்கொண்டு தலை திரும்பும் பக்கமெல்லாம் திரும்பும். அதைச் சரிசெய்யப் பொதுவான மென்பொருள் போதாது, அந்த ஒரு கேமுக்கென்றே ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். 2004-இல் வந்த ஹாஃப்-லைஃப் 2-க்கு ரசிகர்கள் அப்படிச் செய்து 2022-இல் வெளியிட்டார்கள். தோட்டாப் பெட்டியைக் கையால் கழற்றி மாட்ட வேண்டும். அசல் கேம் வைத்திருப்பவர்களுக்கு இலவசம்.

ஒரு எச்சரிக்கை. மற்றவர்களோடு ஆன்லைனில் ஆடும் கேம்களில் இந்த மென்பொருள்களைப் போடாதீர்கள். திருட்டுத்தனமாக ஜெயிக்கிறவர்களும் இப்படித்தான் கேமுக்குள் புகுகிறார்கள். காவல் நிரலுக்கு வித்தியாசம் தெரியாது, கணக்கையே முடக்கிவிடும்.

1993-இல் வந்த டூம் என்ற துப்பாக்கி கேம் உங்களிடம் இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். 1997-இல் அதைச் செய்தவர்கள் அதன் மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டதால், பொது மென்பொருளை நம்பாமல் அதற்கென்றே விஆர் வடிவங்கள் வந்துவிட்டன. அதில் அரக்கர்கள் எல்லாம் தட்டைப் படங்கள். மானிட்டரில் அது தெரியவே தெரியாது. ஹெட்செட்டில் பார்த்தால் தியேட்டர் வாசலில் நிறுத்திய கட்-அவுட்டுகள். பின்னால் மூங்கில் சாரம் இருக்கிறதா என்று சுற்றிப்போய்ப் பார்த்தேன். நான் சுற்றச் சுற்ற அதுவும் என்னைப் பார்த்தே திரும்பியது.