முதலில் கண்களைப் பறித்தவர்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கணினி விளையாட்டில் கத்துக்குட்டி ஒருவர் சாம்பியனை வீழ்த்தியதற்கு உதாரணம் கேட்டால், 2007இல் தென் கொரியாவில் நடந்த ஸ்டார்கிராஃப்ட் இறுதிப் போட்டியைத்தான் நண்பர்கள் சொல்கிறார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்பதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது?
– கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: அந்த இறுதியில் யானை சறுக்கவே இல்லை. அதன் கண்ணை ஒருவர் மறைத்துவிட்டார்.

ஸ்டார்கிராஃப்ட் என்பது தளம் அமைத்து, வளம் சேர்த்து, படை திரட்டி எதிராளியை அழிக்கும் போர் விளையாட்டு. ஸெர்க், புரோட்டோஸ், டெரன் என்ற மூன்று இனங்களில் ஒன்றைக் கொண்டு ஆட வேண்டும். அந்த இறுதியில் தோற்றவர் மா ஜே-யூன். ஸெர்க் இனத்தைக் கொண்டு ஆடிய அவரை ரசிகர்கள் ‘மாயெஸ்ட்ரோ’ என்று அழைத்தார்கள். எம்பிசி கேம் தொலைக்காட்சி நடத்திய எம்எஸ்எல் தொடரில் அவர் ஏற்கெனவே மூன்று முறை பட்டம் வென்றிருந்தார். தொடர்ந்து ஐந்தாவது முறையாக அதன் இறுதிக்கு வந்திருந்தார். அதற்கு ஒரு வாரம் முன்புதான் ஓஎஸ்எல் என்ற மற்றொரு பெரிய தொடரின் இறுதியில் லீ யுன்-யோலை 3-1 என்று வென்றிருந்தார். எதிரில் அமர்ந்த கிம் தேக்-யோங்குக்கு வயது 17. இத்தகைய இறுதி அவருக்கு அதுவே முதல் முறை. போதாக்குறைக்கு அவர் ஆடியது புரோட்டோஸ் இனத்தை. டெரன் ஸெர்க்கை வெல்லும், ஸெர்க் புரோட்டோஸை வெல்லும், புரோட்டோஸ் டெரனை வெல்லும் என்பது அந்த விளையாட்டின் பழைய கணக்கு. அந்தக் கணக்கின்படியும் கிம் தோற்க வேண்டியவர்தான். ஆனால் 2007 மார்ச் 3 அன்று அவர் 3-0 என்று வென்றார். நாளையும் மாதத்தையும் சேர்த்துக் கொரிய ரசிகர்கள் அதை ‘3.3 புரட்சி’ என்கிறார்கள்.

ஸெர்க் படையில் ஓவர்லார்ட் என்றொரு பறக்கும் உயிரி உண்டு. அதை உருவாக்க, வேலையாட்கள் சேர்க்கும் மினரல் என்ற வளத்தில் 100 ஆகும். ஒவ்வொரு ஓவர்லார்டும் எட்டு அலகுப் படைக்கு இடம் தரும். அதாவது, அது இருந்தால்தான் புதிய வீரர்களைப் பிறப்பிக்க முடியும். கண்ணுக்குத் தெரியாமல் வரும் எதிரியைக் காட்டிக்கொடுப்பதும் அதுவே. வீடும் காவற்கண்ணும் ஒரே உடம்பில் இருப்பது ஸெர்க்குக்கு வசதி, ஆனால் அந்த உடம்பு மெதுவாக நகரும், திருப்பித் தாக்கத் தெரியாதது. கிம் தன் திட்டம் முழுவதையும் இந்த ஒரு பிராணியின் மீதே கட்டினார். வானில் மட்டுமே சண்டையிடக்கூடிய கோர்சேர் விமானங்களை அனுப்பி ஓவர்லார்டுகளை வேட்டையாடினார். அவை குறைந்த இடங்களுக்கு, எப்போதும் மறைந்தே திரியும் டார்க் டெம்ப்ளர் என்னும் வீரர்களை அனுப்பினார். டார்க் டெம்ப்ளரின் ஒரு வெட்டு 40 புள்ளிகள். ஸெர்க்கின் வேலையாளான ட்ரோனின் உயிரும் சரியாக 40தான். ஆகவே ஒரு வெட்டுக்கு ஒரு வேலையாள் என்ற கணக்கில், அடிப்பவன் யாரென்றே தெரியாமல், சாம்பியனின் பொருளாதாரம் கரைந்தது.

கேள்வி: அப்படியானால் இது ஒரு சூதாட்டம்தானே? பிடிபட்டிருந்தால் அந்தச் சிறுவன் அங்கேயே காலி.
– பள்ளி ஆசிரியர் ஒருவர்

பதில்: பலரும் இந்த இடத்தில்தான் தவறிவிடுகிறார்கள். வலியவரை எளியவர் வெல்ல, உள்ளதையெல்லாம் ஒரே வீச்சில் பணயம் வைக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். கிம் செய்தது அதற்கு நேர்மாறானது. படைக்கூடங்களுக்கு முன்பே இரண்டாவது தளத்தின் வாசலில் ஃபோட்டான் கேனான் என்னும் பீரங்கிகளை நிறுத்தி, அவற்றின் நிழலில் தன் வருமானத்தைப் பெருக்கிக்கொண்டார். இந்தத் தொடக்கம் அவர் கண்டுபிடித்ததன்று. அதைப் பரவலாக்கியவர் காங் மின் என்ற மூத்த புரோட்டோஸ் ஆட்டக்காரர். அதே தொடரின் அரையிறுதியில் கிம்மிடம் தோற்றவரும் அவரே. (முந்தைய ஆண்டு எம்எஸ்எல் இறுதியொன்றில் காங் மின்னை மா ஜே-யூன் வென்றிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.) வீடு பத்திரமாக இருந்ததால், டார்க் டெம்ப்ளர் ஒன்று பிடிபட்டு மடிந்தாலும் கிம்முக்குப் பெரிய நஷ்டமில்லை, பிடிபடாவிட்டால் எதிராளிக்குப் பெரிய நஷ்டம். இதைச் சூதாட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: மறைந்து வருவதைக் கண்டுபிடிக்கும் கட்டடம் ஸெர்க்குக்கு உண்டே! உலகின் முதல் நிலை ஆட்டக்காரருக்கு அது தெரியாதா?
– மென்பொருள் பொறியாளர் ஒருவர்

பதில்: தெரியும். ஆனால் ஸ்போர் காலனி என்னும் அந்தக் கட்டடம் நட்ட இடத்தை விட்டு நகராது. மா ஜே-யூனின் பலமோ, வரைபடம் எங்கும் தளங்களைப் பரப்பி, மெல்ல மெல்ல எதிராளியின் மூச்சை அடைப்பதில் இருந்தது. தளம் ஒன்று கூடினால் காக்க வேண்டிய வாசலும் ஒன்று கூடும். எல்லா வாசலிலும் கட்டடம் எழுப்பினால் அவற்றுக்காக வேலையாட்களையும் மினரலையும் இழக்க நேரிடும். எழுப்பாவிட்டால் வெட்டு விழும். ஓவர்லார்ட் சாகும்போதெல்லாம் கண் போவதோடு எட்டு அலகு இடமும் போய்விடுவதால், இழந்த படையை உடனே பிறப்பிக்கவும் வழியில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எதிராளி என்ன கட்டுகிறார் என்று வேவு பார்ப்பதும் ஓவர்லார்டின் வேலைதான். கோர்சேர்கள் வானத்தைப் பிடித்த பிறகு கிம்மின் தளத்துக்குள் எட்டிப்பார்க்க மா ஜே-யூனால் முடியவில்லை. அதே கோர்சேர்களைக் கொண்டு கிம் அவருடைய தளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிராளியின் நகர்வை முன்கூட்டியே படிப்பவர் என்று பெயரெடுத்தவருக்குப் படிக்க ஏடே இல்லாமல் போயிற்று.

கேள்வி: இதற்கெல்லாம் விரல் வேகம் வேண்டாமா?
– பெயர் குறிப்பிடாத வாசகி

பதில்: வேண்டும். வானில் ஒரு படையையும் தரையில் ஒரு படையையும் நடத்திக்கொண்டே வீட்டிலும் கட்டடம் எழுப்ப வேண்டியிருப்பதால், வேகம் இல்லாதவருக்கு இந்த உத்தி பயன்படாது. ஆனால் நிமிடத்துக்கு 300 கட்டளைகள் என்ற வேகம் அந்நாளைய தொழில்முறை ஆட்டக்காரர் பலரிடமும் இருந்ததுதான்.

கேள்வி: அதன் பிறகு கிம்மை யாரும் வெல்ல முடியவில்லையா?
– அதே வாசகி

பதில்: உத்தி வெளியில் வந்துவிட்டால் மாற்றும் வந்துவிடும். கோர்சேர்களின் மீது மோதித் தம்மையே வெடித்துக்கொள்ளும் ஸ்கர்ஜ்களை விரைவாக எழுப்பவும், ஓவர்லார்டுகளின் வேகத்தைக் கூட்டவும், தரையிலிருந்தே வானையும் தாக்கக்கூடிய ஹைட்ராலிஸ்க் கூட்டத்தை முன்னதாகவே சேர்க்கவும் ஸெர்க் ஆட்டக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். கிம் அடுத்த எம்எஸ்எல் பட்டத்தையும் வென்றார். 2008இல் மூன்றாவதையும் பெற்றார். இடையில், 2007ஆம் ஆண்டு முடிவதற்குள்ளாகவே, மீண்டும் ஓர் இறுதியில், இம்முறை சாம்பியன் நாற்காலியில் அமர்ந்து, பார்க் சுங்-கியூன் என்ற 16 வயதுப் புதியவரிடம் 3-1 என்று தோற்றார். பார்க் ஆடியது டெரன். பழைய கணக்கின்படி புரோட்டோஸிடம் தோற்க வேண்டிய இனம் அது.