பாயிண்ட் 22: ரைபிளா, பிஸ்டலா?

மயூர் விஹாரிலிருந்து துக்ளகாபாத் கர்ணி சிங் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு வாரம் ஒருமுறைதான் போக முடியும், பாயிண்ட் 22-இல் (0.22 அங்குலக் குண்டு சுடும் துப்பாக்கி) ரைபிள், பிஸ்டல் இரண்டில் எதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். அப்படியென்றால் ரைபிள்தான். தோள், கன்னம், இரண்டு கை என்று பிடிமானம் இருக்கிறது. இடைவெளி விட்டாலும் ரொம்பக் கெட்டுப்போகாது. பிஸ்டலில் ஒற்றைக் கைதான். விரல் விசையைக் கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்தாலும் குண்டு நடுவை விட்டு எட்டுப் புள்ளி வளையத்துக்கு ஓடிவிடும். தினமும் கை நீட்டிப் பழகாமல் அது படியாது. 50 மீட்டர் ரைபிள் இலக்கில் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், 25 மீட்டர் பிஸ்டலில் 50 மில்லிமீட்டர். அதை வைத்து பிஸ்டல் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். ரைபிளுக்குக் கேன்வாஸ் ஜாக்கெட், பூட்ஸ் செலவு தனி. டெல்லி மே மாத வெயிலில் அந்த ஜாக்கெட் தண்டனைதான்! இரண்டுக்கும் ஆயுத உரிமம் வேண்டும். அது கைக்கு வரும்வரை ஏர் ரைபிளில் பழகுங்கள்.