கையைக் கடிக்கும் பூனைக்குட்டி

கேள்வி: திருத்துறைப்பூண்டிப் பக்கம் சம்பா சாகுபடி. நெல் மூட்டையை எலி கடிக்கிறதென்று பூனைக்குட்டி ஒன்று வளர்க்கிறோம். 5 மாதம் ஆகிறது. விளையாடும்போது என் மகளின் கையைக் கடித்துப் பிறாண்டுகிறது. நேற்று ரத்தமும் வந்தது. அடித்தும் பார்த்தாச்சு. விளையாட்டுக் காட்டினால் எலி பிடிக்காமல் சோம்பேறியாகிவிடும் என்கிறார் அப்பா. என்ன செய்யலாம் ஐயா?

பதில்: முதலில் பாப்பாவின் கை. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் தடவ வேண்டாம். இன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். குட்டிக்கும் ஊசி போடாமல் இருந்தால் கால்நடை மருந்தகத்தில் போட்டுவிடுங்கள்.

சரி, கடிக்கு வருவோம். பதுங்கல், பாய்ச்சல், முன்காலால் அமுக்கிப் பின்காலால் உதைப்பது எல்லாம் எலிக்குச் செய்கிற வேலைதான். சின்னக் குட்டியாக இருந்தபோது போர்வைக்குள் விரலை ஆட்டிக் காட்டியிருப்பீர்கள். அன்றிலிருந்து அதற்கு உங்கள் கைதான் எலி! இது பால்பல் விழுந்து புதுப் பல் முளைக்கிற வயது வேறு. அடித்தால் பயம்தான் வளரும்.

ஒரு நீளக் குச்சியின் நுனியில் பழந்துணியை இறுக்கிக் கட்டித் தரையோடு இழுங்கள். எலி பூனையின் முகத்துக்கு நேரே வராது, விலகித்தான் ஓடும். துணியும் அப்படி ஓடட்டும், மூட்டைக்குப் பின்னால் மறையட்டும். நடுநடுவே பிடிக்கவும் விடுங்கள். விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் பத்து நிமிடம் போதும். முடித்ததும் சாப்பாடு வையுங்கள். தின்றுவிட்டுத் தூங்கப் போய்விடும். கையைக் கடித்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், அதுவும் எலி ஓடுகிற மாதிரிதான். அசையாமல் இருந்து, விட்டதும் எழுந்து போய்விடுங்கள். சாக்குத் தைக்கிற சணலை மட்டும் கீழே போடாதீர்கள். விழுங்கினால் குடலில் சிக்கி அறுவை சிகிச்சை வரை போகும்.

அப்பாவிடம் சொல்லுங்கள்: விளையாடுகிற குட்டி வேட்டைக்குத்தான் பழகுகிறது. பட்டினி போட்டால்தான் எலி பிடிக்கும் என்பதும் சரியல்ல.

ஆனால் வயல் எலிக்குப் பூனையை நம்பி உட்காராதீர்கள். அங்கே கிட்டி என்கிற மூங்கில் எலிப்பொறி வைக்கிறவரைக் கூப்பிடுங்கள். எலி மருந்து வைத்தால், அதைத் தின்று செத்த எலியைத் தின்கிற பூனையும் சாகலாம். குட்டியைக் கட்டிப்போட்டா வளர்க்க முடியும்?